வீசிங்குக்கு ஸ்டீராய்டு: பாதியில் நிறுத்தலாமா?

தூறல்:
பையனுக்கு ஆறு வயது. போன வாரம் ராத்திரி வீசிங் வந்து, நெபுலைசர் வைத்தும் இழுப்பு அடங்கவில்லை. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சிரப் ஐந்து நாளுக்கு எழுதினார்கள். மூன்றே நாளில் மூச்சு சீராகிவிட்டது. ஆனால் ஓயாத பசி, தூக்கமில்லை, தொட்டதற்கெல்லாம் கோபம். இத்தோடு நிறுத்திவிடலாமா?

கொங்குத்தம்பி:
நிறுத்திவிடுங்கள் அக்கா. என் அம்மா இருபது வருஷமாக இழுப்பு வரும்போதெல்லாம் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் இதே மாத்திரையை வாங்கிப் போட்டவர். இப்போது சர்க்கரை, கண்ணில் புரை, தேய்ந்துபோன எலும்பு.

நைட் டூட்டி:
தம்பி, இருபது வருஷத்தையும் ஐந்து நாளையும் ஒன்றாக்காதீர்கள். நெபுலைசரில் வைக்கும் சால்பியூட்டமால் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைத்தான் தளர்த்தும். உள்ளே இருக்கும் வீக்கத்தை வற்றவைப்பது ஸ்டீராய்டு. அதற்கே நாலு மணி நேரமாவது பிடிக்கும், அதனால்தான் சீக்கிரமே ஆரம்பிப்பது. பசியும் கோபமும் மருந்து நின்றதும் அடங்கிவிடும். காலையில் சாப்பிட்டதும் கொடுத்துப் பாருங்கள், தூக்கம் அவ்வளவு கெடாது. குழந்தைகளுக்கு வழக்கமே மூன்றிலிருந்து ஐந்து நாள்தான். நிறுத்துவதென்றால் எழுதிய டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள்.

கொங்குத்தம்பி:
"நின்றதும் அடங்கிவிடும்" என்றுதான் அம்மாவிடமும் சொன்னார்கள். எத்தனை தடவை என்று யார் எண்ணினார்கள்?

நைட் டூட்டி:
அது நியாயமான கேள்வி. பெரியவர்களுக்கு இழுப்பு வரும் ஒரு தடவைக்கு, தினம் 40 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள் என்றால் 200 மில்லிகிராம். வாழ்நாள் மொத்தம் 500, 1000 என்று போனாலே பக்கவிளைவு ஆபத்து ஏறுகிறது. அடிக்கடி மாத்திரை தேவைப்பட்டால் தினசரி இன்ஹேலரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதில் மைக்ரோகிராம் கணக்கு, அதாவது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

தூறல்:
அதுவும் ஸ்டீராய்டுதானே? "பழகிவிடும், வளர்த்தி நின்றுவிடும்" என்று மாமியார் அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

நைட் டூட்டி:
பழகிவிடும் என்பது கட்டுக்கதை. வளர்த்தி விஷயத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. புடெசோனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலரைச் சில வருஷம் எடுத்த வட அமெரிக்கக் குழந்தைகளைப் பெரியவர்களான பின் அளந்தார்கள். 2012இல் வந்த முடிவு: அதை எடுக்காதவர்களைவிட உயரம் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவு.

கொங்குத்தம்பி:
ஆக, குறையத்தான் செய்கிறது.

நைட் டூட்டி:
குறைகிறது. இழுப்பு முற்றி உதடு நீலம் பாரித்து வந்த பிள்ளைகளை வார்டில் பார்த்தவள் நான். எனக்கு அந்த ஒரு சென்டிமீட்டர் பெரிதாகத் தெரியவில்லை. இன்ஹேலரை ஸ்பேசர் (அதன் வாயில் மாட்டும் குழாய்) வைத்துக் கொடுங்கள், அப்புறம் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

தூறல்:
டாக்டரிடம் பேசிவிட்டேன், ஐந்து நாளையும் முடிக்கச் சொன்னார். பீரோ சாவியும் கைக்கு வந்துவிட்டது. பையன் நாலாவது தோசைக்குத் தட்டை நீட்டிக்கொண்டிருக்கிறான்.