விக்டோரியாவின் செம்மண் காட்டில் தங்க டிடெக்டர் ஓயாமல் ஒலிக்கிறது: கருவியில் கோளாறா, மண்ணின் குணமா?

புதுத்தேடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மெல்பர்னில் வசிக்கிறேன். மைனர்ஸ் ரைட் உரிமச் சீட்டைப் பெற்றுக்கொண்டு, வார இறுதிகளில் மைத்துனருடன் சேர்ந்து தங்கம் தேடுவதைப் பொழுதுபோக்காகத் தொடங்கியிருக்கிறேன். நாங்கள் செல்வது மேரிபரோவுக்கும் டனொலிக்கும் இடைப்பட்ட அரசுக் காட்டுப்பகுதி. பழைய சுரங்கக் குழிகளும் அவற்றைச் சுற்றிய கழிவு மண்மேடுகளும் நிறைந்த இடம் அது. மேல்மண் சிவப்பாகவும், கருஞ்சிவப்பு இரும்புக்கல் சரளை கலந்ததாகவும் இருக்கிறது.

என்னிடம் இருப்பது 45 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் வி.எல்.எஃப். (மிகத் தாழ்ந்த அதிர்வெண்) வகைக் கருவி. வேறொருவர் பயன்படுத்தியதை வாங்கினேன். அதனுடன் 5 அங்குல வட்டக் காயிலும் (தரைக்கு மேல் வீசும் கம்பிச்சுருள் தட்டு) 10 அங்குல நீள்வட்டக் காயிலும் வந்தன. பெரியதைத்தான் இதுவரை மாட்டியிருக்கிறேன். பரப்பு அதிகம் கிடைக்கும் என்பது காரணம்.

வீட்டுத் தோட்டத்தில் சிறு ஈயத் துண்டைப் புதைத்துச் சோதித்தபோது கருவி தெளிவாக ஒலித்தது. காட்டுக்குள் போனதும் நிலைமை தலைகீழாகிறது. காயிலை ஒவ்வொரு முறை வீசும்போதும் ஏதோவொரு ஒலி வருகிறது. அதே இடத்தில் மறுபடி வீசினால் சில நேரம் வருகிறது, சில நேரம் வருவதில்லை. புல் முளையிலோ கல்லிலோ காயில் இடித்தாலும் உலோகம் கிடைத்ததைப் போலவே கத்துகிறது. இரும்பா, இரும்பல்லாததா என்று காட்டும் முள் நிலைகொள்ளாமல் இரு பக்கமும் அலைகிறது. உணர்திறனை முழு அளவில் வைத்துத்தான் தேடுகிறேன், ஏனென்றால் அதைக் குறைத்தால் சிறு தங்கத்தைத் தவறவிட்டுவிடுவேனோ என்ற அச்சம் இருக்கிறது.

கருவியைப் பழுது பார்க்க அனுப்ப வேண்டுமா, அல்லது இந்த மண்ணுக்குப் பல ஆயிரம் டாலர் கொடுத்துப் பல்ஸ் இண்டக்ஷன் (விட்டுவிட்டுத் துடிப்புகளை அனுப்பும்) கருவி வாங்குவதைத் தவிர வேறு வழியில்லையா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சரளைமேடு எழுதியது:

வணக்கம் நண்பரே. பழுது பார்ப்பவரிடம் அனுப்புவதற்கு முன், இந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும். வெளியிலிருந்து வரும் மின்காந்த இடையூறு, கருவியின் சொந்தக் குறை, மண்ணிலுள்ள கனிமம் என மூன்று காரணங்கள் இருக்கலாம். மூன்றும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே கேட்கும் என்பதால்தான் புதியவர்கள் குழம்பிவிடுகிறார்கள்.

காட்டிலேயே இதைச் செய்து பாருங்கள். காயிலை இடுப்பு உயரத்தில் தூக்கி, அசைக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒலித்தால் அது மின்காந்த இடையூறு. அசையாதபோது அமைதியாக இருந்து, அதே உயரத்தில் வெற்றுக் காற்றில் வீசும்போது மட்டும் ஒலித்தால் காயிலையோ கேபிளையோ உங்கள் உடலிலுள்ள உலோகத்தையோ சந்தேகிக்க வேண்டும். இவ்விரண்டிலும் அமைதி காத்து, தரையை நெருங்கியதும் ஒலித்தால் மண்ணே காரணம். இந்தச் சோதனையின்போது உங்கள் மைத்துனர் எவ்வளவு தொலைவில் நிற்கிறார், அவர் கையிலிருப்பது எவ்வகைக் கருவி என்பதையும் தெரிவியுங்கள். கைப்பேசியை முழுமையாக அணைத்துவிடுங்கள்.

புதுத்தேடி எழுதியது:

உடனே பதில் தந்தமைக்கு நன்றி ஐயா. நீங்கள் கூறியபடியே செய்து பார்த்தேன். அசையாமல் பிடித்திருந்தபோது பெரும்பாலும் அமைதி நிலவியது. மைத்துனர் அருகில் வந்தால் மட்டும் விட்டுவிட்டு ஒலித்தது. அவரிடம் இருப்பது பழைய பல்ஸ் இண்டக்ஷன் கருவி. காற்றில் வீசியபோது அவ்வப்போது ஒலி எழுந்தது, குறிப்பாக வீச்சின் இரு முனைகளிலும் காயில் திசை திரும்பும் நொடியில். தரையை நெருங்கியதும் முன்பு சொன்னதைப் போலவே ஓயாத ஒலிதான். அப்படியானால் மூன்று காரணங்களுமே எனக்கு வாய்த்திருக்கின்றன என்று பொருள் கொள்ளலாமா?

குழிநிரப்பி எழுதியது:

மூன்றும் ஒன்றாக அமைவது அரிதன்று. அவற்றுள் இரண்டைச் செலவில்லாமலே தீர்த்துவிடலாம்.

மைத்துனரைத் தொலைவில் தேடச் சொல்லுங்கள். பல்ஸ் கருவி மிக வலுவான காந்தத் துடிப்புகளை வெளியிடுவது. குறைந்தது முப்பது, நாற்பது மீட்டர் இடைவெளி தேவைப்படும். வேலிகளுக்கு அருகிலும் கவனம் வேண்டும். மின்வேலி இருக்குமானால் சீரான இடைவெளியில் ‘டிக், டிக்’ என்று கேட்கும். தொலைவில் இடிமழை பெய்தாலும் கருவி உளறும்.

வீச்சின் முனையில் ஒலிப்பது என் அனுபவத்தில் பெரும்பாலும் கேபிளின் வேலை. காயிலிலிருந்து மேலேறும் கேபிளைத் தண்டோடு தளர்வின்றிச் சுற்றி, காயிலுக்கு அருகிலும் மேலேயும் வெல்குரோ பட்டையால் கட்டுங்கள். ஆனால் காயில் மடங்கும் மூட்டில் கேபிள் இழுபடாத அளவுக்குச் சிறு வளைவு இருக்க வேண்டும். அடுத்து, காயிலின் அடியிலுள்ள பிளாஸ்டிக் உறையைக் கழற்றிப் பாருங்கள். பிறர் பயன்படுத்திய கருவி என்கிறீர்கள். உறைக்கும் காயிலுக்கும் இடையே நுண்ணிய இரும்புக்கல் மணல் நிச்சயம் புகுந்திருக்கும். அது காயிலோடு ஒட்டியே கிடந்து ஒவ்வோர் இடிப்புக்கும் நகர்வதால், கல்லில் பட்டதும் உலோகத்தைப் போல் ஒலிக்கும். கழுவி, நன்றாக உலர்த்தி, அதன்பின் மாட்டுங்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும்: எஃகு முனை வைத்த பாதுகாப்புக் காலணி அணிகிறீர்களா? அப்படியானால் பெரிய காயில் வலது முனையிலோ இடது முனையிலோ உங்கள் கால்விரலைத்தான் ‘கண்டுபிடித்துக்’ கொண்டிருக்கும்.

சரளைமேடு எழுதியது:

குழிநிரப்பி கூறியவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். எஞ்சியிருக்கும் மண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

தங்க முக்கோணம் என்று அழைக்கப்படும் அந்த வட்டாரத்தின் சிவப்பு மண்ணில் இரண்டு வகை இரும்புத் தாதுக்கள் தொல்லை தருகின்றன. ஒன்று மேக்னடைட். உங்கள் வி.எல்.எஃப். கருவி இடைவிடாமல் அலையை அனுப்பிக்கொண்டே, திரும்பி வரும் அலையின் கட்ட வேறுபாட்டை (அனுப்பிய அலையிலிருந்து அது எவ்வளவு பின்தங்குகிறது என்பதை) பார்த்து உலோகத்தை இனங்காணுகிறது. மேக்னடைட் தரும் எதிரொலி வலுவாக இருந்தாலும் அதன் கட்டம் ஏறத்தாழ மாறாதிருப்பதால், கிரவுண்ட் பேலன்ஸ் எனப்படும், மண்ணின் எதிரொலியை நீக்கும் அமைப்பு அதைக் கழித்துவிட முடியும். மற்றொன்று மேக்ஹெமைட், அதுவும் மிக நுண்ணிய துகளாக இருக்கும்போது. இந்தத் துகள்கள் காந்தப்புலத்துக்குச் சற்றே தாமதமாகப் பதிலளிப்பதால், அவற்றின் எதிரொலியில் ஒரு பகுதி உலோகத்தின் எதிரொலியைப் போலவே இருக்கிறது. போதாக்குறைக்கு, கையளவு இடைவெளியில்கூட இதன் செறிவு மாறுகிறது. கருவி ஓரிடத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்வதற்குள் காயில் அடுத்த வகை மண்ணுக்கு மேல் போய்விடுகிறது. அந்த இடைவெளியில் எழுவதுதான் நீங்கள் கேட்கும் நிலையற்ற ஒலி.

ஆகவே, முதலில் உணர்திறனைக் குறையுங்கள். உங்கள் அச்சம் புரிகிறது, எனினும் இவ்வகை மண்ணில் உணர்திறனைக் கூட்டினால் தங்கத்தின் ஒலியும் மண்ணின் ஒலியும் சேர்ந்தே கூடுகின்றன. தங்கத்தின் ஒலி தனியாகக் கேட்காது. கருவி பெரும்பாலும் அமைதியாக இருக்கும் நிலைவரை படிப்படியாக இறக்கி, அங்கிருந்து ஒரு படி மட்டும் ஏற்றுங்கள். பிறகு சிறிய வட்டக் காயிலுக்கு மாறுங்கள். பெரிய காயில் ஒரே நேரத்தில் அதிக மண்ணைப் ‘பார்க்கிறது’, அதனால் கனிமத்தின் கூட்டு எதிரொலியும் பெரிதாகிறது. சிறிய காயில் ஆழத்தில் சற்றுப் பின்தங்கினாலும் இத்தகைய மண்ணில் உண்மையில் அதிகம் கண்டுபிடிக்கும். பழைய முகாம்களில் சிதறிக் கிடக்கும் ஆணிகளுக்கு நடுவிலும் அதற்கே வசதி அதிகம்.

வீசும் வேகம் முக்கியம். காயிலைத் தரைக்கு இணையாக, முனைகளில் மேலே தூக்காமல், முந்தைய வீச்சில் பாதியை மேவியபடி மெதுவாக நகர்த்துங்கள். புதிய இடத்துக்குச் சென்றதும் உலோகமில்லாத தரைக்கு மேல் காயிலைச் சிலமுறை ஏற்றி இறக்கிக் கருவிக்கு மண்ணைப் பழக்குங்கள்.

சோதனையைத் தோட்டத்தில் செய்ததால் பயன் குறைவு. அரிசி மணியளவு ஈயத் துண்டையும் துப்பாக்கி ரவை ஒன்றையும் பிளாஸ்டிக் வில்லைகளில் ஒட்டி எடுத்துச் செல்லுங்கள். தேடப்போகும் அதே மண்ணில், மூன்று, ஐந்து, எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் அவற்றைப் புதைத்து, எந்த அமைப்பில் எது கேட்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கருவியால் அங்கே எவ்வளவு ஆழம் முடியும் என்பதற்கு இதைவிட நேர்மையான விடை கிடைக்காது. விற்பனை விளம்பரத்தில் நிச்சயம் கிடைக்காது.

பழையபல்ஸ் எழுதியது:

சரளைமேடு அவர்களின் விளக்கம் சரியானது. ஆனால் அதன் முடிவோடு எனக்குச் சிறு மாறுபாடு உண்டு. அந்த மண்ணில் வி.எல்.எஃப். கருவியை எவ்வளவு பக்குவப்படுத்தினாலும் மேலோட்டமான தங்கம் மட்டுமே அகப்படும். பல்ஸ் இண்டக்ஷன் கருவி துடிப்பை அனுப்பி, அதை நிறுத்திய பிறகே செவிமடுக்கிறது. மேக்னடைட்டின் எதிரொலி அதற்குள் அடங்கிவிடுகிறது. உலோகத்தில் எழுந்த சுழல் மின்னோட்டம் மட்டும் சில மைக்ரோ நொடிகளுக்குத் தேய்ந்துகொண்டே நீடிக்கிறது. மேக்ஹெமைட் இங்கும் தலைகாட்டும் என்பதால்தான் பல்ஸ் கருவிகளுக்கும் கிரவுண்ட் பேலன்ஸ் தேவைப்பட்டது. அடிலெய்டைச் சேர்ந்த மைன்லேப் நிறுவனத்துக்காக புரூஸ் கேண்டி வடிவமைத்த எஸ்டி 2000 கருவி 1990களின் நடுவில் வந்தபோது, தேடி முடித்துவிட்டதாகக் கைவிடப்பட்ட விக்டோரியப் பள்ளத்தாக்குகளிலிருந்து மீண்டும் தங்கம் வெளிவந்ததற்கு அதுவே காரணம்.

அதற்காக இப்போதே வாங்குங்கள் என்று சொல்லவில்லை. பல்ஸ் கருவி இரும்பைப் பிரித்துக் காட்டுவதில் பலவீனமானது. துருப்பிடித்த ஆணி, காலணி ஆணி, கம்பித் துண்டு என எல்லாவற்றையும் தோண்ட வேண்டியிருக்கும். மைத்துனரிடம் அத்தகைய கருவி இருக்கிறதே! நீங்கள் சந்தேகப்படும் ஒலிகளைத் தோண்டுவதற்கு முன் அதைக் கொண்டு சரிபார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கருவியை அணைத்துவிட்டுத்தான் அவரை அழைக்க வேண்டும்.

ஆழமில்லாத தங்கம் என்றாலே அற்பம் என்றும் எண்ண வேண்டாம். டனொலிக்கு அருகே மோலியாகுலில் 1869 பிப்ரவரி 5 அன்று ஜான் டீசனும் ரிச்சர்ட் ஓட்ஸும் கண்டெடுத்த ‘வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்’ கட்டி தரைக்குக் கீழே சுமார் 3 சென்டிமீட்டரில்தான் கிடந்தது. கிங்கோவர் அருகே 1980இல் கெவின் ஹில்லியர் டிடெக்டரால் கண்டுபிடித்த 27 கிலோவுக்கும் மேற்பட்ட ‘ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்’ கட்டியும் ஓரடி ஆழத்துக்குள் இருந்ததே. அவற்றைப் போல் உங்களுக்குக் கிடைக்கும் என்பதற்காக இதை எழுதவில்லை; அங்குள்ள தங்கம் படிகக்கல் பாறையிலிருந்து அரிப்பினால் விடுபட்டு, சரிவுகளில் மெல்லிய மண்ணுக்கடியிலேயே தங்கிவிடும் இயல்புடையது என்பதைக் காட்டவே எழுதுகிறேன்.

புதுத்தேடி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. காயில் உறைக்குள் இருந்த மணலை அகற்றி, கேபிளை இறுக்கிக் கட்டியதும் காற்றில் வீசும்போது எழுந்த ஒலி முற்றிலும் நின்றுவிட்டது. சிறிய காயிலும் குறைந்த உணர்திறனும் சேர்ந்தபோது காட்டிலும் கருவி அமைதியடைந்தது. ஈயத் துண்டு ஐந்து சென்டிமீட்டர் வரை தெளிவாகக் கேட்கிறது. எட்டில் ரவை மட்டும் மெல்லக் கேட்கிறது. பழைய ரவைகள் சிலவற்றையும் தோண்டி எடுத்தேன்.

ஒரு சந்தேகம் மட்டும் எஞ்சியிருக்கிறது. சில இடங்களில் ஒலி உறுதியாகவும் மறுபடி மறுபடியும் வருகிறது. ஒரு சாண் தோண்டியதும் குழியிலும் இல்லை, அள்ளிப்போட்ட மண்ணிலும் இல்லை. கருவி தானாக மண்ணுக்குப் பழகி உலோகத்தை மறைத்துவிடுகிறதா?

சரளைமேடு எழுதியது:

அதற்கும் வாய்ப்புண்டு. தானியங்கிக் கிரவுண்ட் பேலன்ஸ் உள்ள கருவியில், ஒரே இடத்துக்கு மேல் திரும்பத் திரும்பக் குறுகலாக வீசிக்கொண்டிருந்தால் மெல்லிய ஒலி தேய்ந்து மறையலாம். இரண்டு மூன்று வீச்சுகளுக்குப் பின் காயிலைப் பக்கத்துத் தரைக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பி வாருங்கள். குறுக்குத் திசையிலிருந்தும் வீசிப் பாருங்கள். இரு திசையிலும் ஒரே புள்ளியில் கூர்மையாக ஒலித்தால் தோண்டத் தகும். அகலமாகப் பரவி ஒலித்து, காயிலைச் சிறிது உயர்த்தியதுமே காணாமற்போனால் மண்ணாகவோ இரும்புக்கல்லாகவோ இருக்கலாம்.

நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் எரிந்த மரத்தின் அடிப்பகுதி அல்லது பழைய அடுப்புத் தடம் என்றே கருதுகிறேன். காட்டுத்தீயின் வெப்பம் இலைக்குப்பையோடு சேர்ந்து மண்ணின் சாதாரண இரும்பு ஆக்சைடை மேக்ஹெமைட்டாக மாற்றிவிடுகிறது. அந்த மண் திரளாகக் கிடக்கும்வரை ஒலிக்கும். தோண்டிக் கலைத்ததும் ஒலி சிதறிவிடும். குழியின் சுவரில் கரித்துண்டோ செங்கல் நிறத்தில் சுட்ட களிமண்ணோ தென்படுகிறதா என்று பாருங்கள்.

அது இல்லையென்றால் மண்ணைப் பிளாஸ்டிக் கரண்டியில் அள்ளி, பாதிப் பாதியாகக் கையில் கொட்டி, காயிலுக்கு மேல் காட்டிச் சரிபாருங்கள். கரண்டியில் ஒலி இருந்து கண்ணுக்கு எதுவும் தெரியாதபோது காந்தத்தை ஓட்டுங்கள். ஒட்டிக்கொண்டால் காலணி ஆணித் துகளோ இரும்புக்கல்லோ ஆகும். எனினும் இரும்புக்கல்லையும் புரட்டிப் பார்க்காமல் எறிய வேண்டாம், அதன் பிளவுகளில் தங்கம் ஒட்டியிருப்பதும் உண்டு.

கைக்கருவியால் மட்டுமே தோண்ட வேண்டும், தோண்டிய குழியை மூட வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. தேசியப் பூங்காக்களிலும் மாநிலப் பூங்காக்களிலும் குறித்துவைத்த பகுதிகளைத் தவிர வேறெங்கும் தேடக்கூடாது. நீங்கள் போகும் காட்டை ஒட்டிப் பூங்கா எல்லையும் தனியார் மேய்ச்சல் நிலமும் வருவதால், கிளம்புமுன் வரைபடத்தில் எல்லையை உறுதி செய்துகொள்ளுங்கள். தனியார் நிலமாக இருந்தால் உரிமையாளரின் சம்மதம் தேவை.