ஊரில் இருக்கும் ஓட்டைத் தாம்பரத்துக்கு மாற்றலாமா, ஊராட்சித் தேர்தல் முடியட்டுமா?

மேற்குத்தெரு (கேள்வி):

சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். ஆறு வருஷமாக வேலை, குடித்தனம் எல்லாம் தாம்பரத்தில். ஓட்டு மட்டும் ஊரிலேயே கிடக்கிறது. எஸ்ஐஆர் (வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம்) சமயத்தில் அம்மா படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள், அதனால் பெயர் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன், பார்க்கவில்லை. இப்போது வீட்டம்மா, "இங்கே தண்ணி வரலன்னா கவுன்சிலர்கிட்ட போறோம், அந்தக் கவுன்சிலருக்கு உங்களுக்கு ஓட்டே இல்ல" என்கிறாள். நியாயம்தான். ஆனால் ஊரில் சித்தப்பா தலைவருக்கு நிற்கப் போகிறார்.

ஊராட்சிக்கு மட்டும் ஊரில் ஓட்டை வைத்துக்கொண்டு, சட்டமன்றத்துக்குத் தாம்பரத்தில் சேர முடியுமா? இரண்டும் வேறு வேறு ஆணையம் என்கிறார்களே, அதனால்தான் கேட்கிறேன். அப்புறம் ஊரில் இருக்கும் தங்கைக்கு வருகிற ஆகஸ்டில் 18 முடிகிறது, அவளுக்கு இப்போதே விண்ணப்பிக்கலாமா?

இன்னொன்று. 2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தலுக்கு ராத்திரி பஸ் பிடித்துப் போனேன். எப்போதும் ஓட்டுப் போடும் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று உள்ளே போனால் பட்டியலில் பெயர் இல்லை. அதே பள்ளியில்தான் அந்த வருஷம் ஏப்ரலில் எம்பி தேர்தலுக்குப் போட்டிருந்தேன். எட்டு மாதத்தில் பெயர் எங்கே போகும்?

பழைய பிரிசைடிங் ஆபீசர்:

தம்பி, நான் ஓய்வு பெற்ற வாத்தியார், கிராமத்து பூத், டவுன் பூத் இரண்டிலும் தேர்தல் வேலை பார்த்தவன். கடைசியாகக் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் பெயர் எங்கேயும் போயிருக்காது, பக்கத்து பூத்தில் இருந்திருக்கும். எம்பி, எம்எல்ஏ தேர்தலை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். உள்ளாட்சியை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். ஆனால் மாநில ஆணையம் வீடு வீடாகப் போய்ப் புதிதாகப் பெயர் சேர்ப்பதில்லை. சட்டமன்றப் பட்டியலை எடுத்து வார்டு வார்டாகப் பிரித்துத் தன் பட்டியலைத் தயாரிக்கிறது. அப்படிப் பிரிக்கும்போது பாகம் எண், வரிசை எண், பூத் எல்லாமே மாறும். ஒரே தெருவில் இந்தப் பக்கம் ஒரு வார்டு, எதிர்ப்பக்கம் ஒரு வார்டு என்று வரும். ஒரே வீட்டில் புருஷனுக்கு ஒரு வார்டு, மனைவிக்கு ஒரு வார்டு என்று விழுந்து, பூத் வாசலில் எங்களிடம் சண்டைக்கு வந்தவர்களும் உண்டு.

இதிலேயே உங்கள் முதல் கேள்விக்கும் பதில் இருக்கிறது. ஆணையம்தான் இரண்டு, அடிப்படைப் பட்டியல் ஒன்றுதான். தாம்பரத்துக்கு மாற்றினால் ஊர்ப் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும், ஊராட்சி ஓட்டும் சேர்ந்து போய்விடும். பாதி இங்கே, பாதி அங்கே என்று வைத்துக்கொள்ள வழியில்லை.

மாற்றுவதற்குப் படிவம் 8. பலரும் படிவம் 6 போட்டுவிடுகிறார்கள், அது முதல்முறை சேர்பவர்களுக்கு. ஏற்கெனவே பெயர் இருக்கிறவர் 6 போட்டால் இரண்டு இடத்திலும் பெயர் நிற்கும், பிறகு யார் பதில் சொல்வது?

தங்கைக்கு இப்போதே படிவம் 6 போடலாம், 17 முடிந்தாலே முன்கூட்டி வாங்கிக்கொள்வார்கள். முன்பெல்லாம் ஜனவரி 1 மட்டும்தான் தகுதி நாள். 2022லிருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1 என்று நான்கு. ஆகஸ்டில் 18 முடிந்தால் அக்டோபர் 1 கணக்கில் வருவாள். அதற்கு முன்பே தேர்தல் வந்துவிட்டால் அந்தத் தேர்தலில் ஓட்டு கிடையாது, அதை இப்போதே சொல்லி வையுங்கள்.

சும்மாஒருவன்:

வாத்தியார் சொல்வதெல்லாம் சரி, ஆனால் நடைமுறை என்று ஒன்று இருக்கிறது. எங்கள் ஊரில் பாதிப் பேர் திருப்பூரில் இருக்கிறார்கள், ஓட்டு ஊரில்தான், பொங்கலுக்கு வருகிற மாதிரி வந்து போட்டுவிட்டுப் போகிறார்கள். யாரும் எதுவும் கேட்டதில்லை. சித்தப்பா ஜெயிக்கட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளுங்கள். ஊராட்சி வார்டில் அஞ்சு ஓட்டு, பத்து ஓட்டில் ஜெயிக்கிறவர்கள் உண்டு. சம ஓட்டு வந்து குலுக்கல் போட்டதையும் பார்த்திருக்கிறேன்.

குரோம்பேட்டைக்காரி:

யாரும் கேட்டதில்லை என்பது எஸ்ஐஆருக்கு முந்தைய கதை. 2025 நவம்பரில் அது தொடங்கியபோது எங்கள் தெருவில் பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வந்து படிவம் கொடுத்தார், திரும்ப வந்தார், ஆள் இல்லாத வீடுகளைக் குறித்துக்கொண்டு போனார். "குடிபெயர்ந்தவர்" என்று நீக்கப்பட்டவர்களில் எனக்குத் தெரிந்தவர்களே நாலைந்து பேர். சட்டப்படி வழக்கமாக எங்கே குடியிருக்கிறோமோ அங்கேதான் பெயர் இருக்க வேண்டும். சொந்த வீடும் நிலமும் ஊரில் இருப்பது கணக்கில் வராது.

மேற்குத்தெரு, நீங்கள் முதலில் செய்ய வேண்டியது பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது. ஆணையத்தின் தளத்தில் வாக்காளர் அட்டை எண்ணைப் போட்டால் ஒரு நிமிஷ வேலை, முடியாவிட்டால் 1950க்கு போன் செய்யலாம். அட்டை கையில் இருப்பதால் ஓட்டு இருக்கிறது என்று அர்த்தமில்லை, இதை எத்தனை தடவை சொன்னாலும் ஆட்கள் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டுகிறார்கள். பட்டியலில் பெயர் இருந்தால் அட்டை இல்லாமலேயே ஆதார், பான், ஓட்டுநர் உரிமம் எதையாவது காட்டிப் போட்டுவிடலாம்.

நான் வாடகை வீட்டிலிருந்துதான் படிவம் 8 போட்டேன். கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில், வாடகை ஒப்பந்தம் பதிவு செய்யாத வெள்ளைத்தாள். இரண்டும் உதவவில்லை. கடைசியில் ஆதாரில் முகவரியை மாற்றி அதைக் கொடுத்தேன், பிஎல்ஓ வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார், பெயர் ஏறிவிட்டது. ஆதாரில் இன்னும் ஊர் முகவரி இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள், இல்லாவிட்டால் இழுத்துக்கொண்டே போகும்.

மேற்குத்தெரு:

பார்த்துவிட்டேன், பெயர் ஊரில் இருக்கிறது. ஆதாரும் ஊர் முகவரிதான்! இங்கே மாநகராட்சித் தேர்தல் 2022 பிப்ரவரியில் நடந்தது, அப்போதும் வீட்டு ஜன்னலில் நின்று பிரசாரத்தை வேடிக்கைதான் பார்த்தேன். சித்தப்பாவிடம் பேசினேன், "நீ வந்து போடறதா முக்கியம், அங்க இருக்கற ஊர்க்காரனுங்களக் கூட்டிட்டு வா" என்கிறார். சிரிப்பதா கோபப்படுவதா தெரியவில்லை. மாற்றிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். வாத்தியார் சார், தங்கைக்கு முதல் ஓட்டே ஊராட்சி ஓட்டாக இருக்கலாம், உள்ளே என்ன நடக்கும் என்று சொல்லுங்களேன்.

பழைய பிரிசைடிங் ஆபீசர்:

நகரத்தில் ஒரே ஓட்டு, வார்டு கவுன்சிலருக்கு, மெஷினில். மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பார்கள். கிராமத்தில் ஒரு ஆளுக்கு நான்கு ஓட்டு, 2019லும் 2021லும் சீட்டும் பெட்டியும்தான். ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை (சில வார்டில் நீலம்), தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். வார்டு உறுப்பினருக்கும் தலைவருக்கும் கட்சிச் சின்னம் வராது, பூட்டு சாவி மாதிரி ஏதாவது இருக்கும். கட்சிச் சின்னத்தையே தேடிக்கொண்டு இளஞ்சிவப்புச் சீட்டை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்த பாட்டியை இன்னும் மறக்கவில்லை.

பெரிய தொல்லை மடிப்பதில்தான். அம்புக்குறி முத்திரையை நிறைய மையில் தொட்டு அழுத்திக் குத்துவார்கள், உடனே சீட்டை மேலிருந்து கீழாக மடிப்பார்கள், ஈர மை இன்னொரு சின்னத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும். எண்ணும்போது எது குத்தியது, எது ஒட்டியது என்று மேஜையைச் சுற்றி ஏஜென்ட்கள் கத்துவார்கள். முதலில் நெடுக்குவாக்கில் மடித்து, அப்புறம் குறுக்கே மடிக்கச் சொல்லுங்கள். அப்போது மை ஒட்டினாலும் அதே வேட்பாளரின் கட்டத்துக்குள்தான் ஒட்டும். ஒரு சீட்டில் ஒரு குத்துதான், கையெழுத்து, டிக் எதுவும் கூடாது.

வார்டுப் பட்டியல் வெளியானதும் ஊராட்சி அலுவலகத்தில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். சட்டமன்றப் பட்டியலில் இருந்து இதில் விட்டுப்போயிருந்தால் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். மனுத்தாக்கல் முடிந்த பிறகு போய் நின்றால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

சும்மாஒருவன்:

நெடுக்குவாக்கில் மடிப்பது எனக்கே இப்போதுதான் தெரியும். பதினைந்து வருஷமாகத் தப்பாக மடித்திருக்கிறேன் போல. என் பெயர் இருக்கிறதா என்றும் இப்போதே பார்த்தேன், இருக்கிறது. அண்ணன் பெயரைக் காணோம்.

குரோம்பேட்டைக்காரி:

அண்ணன் எங்கே இருக்கிறார்? திருப்பூரா? அங்கே ஏற்கெனவே சேர்ந்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். எங்கேயும் இல்லாவிட்டால் படிவம் 6, தங்கியிருக்கிற முகவரியில்.