தினம் 28 கிலோமீட்டர், கூடவே காய்கறி மூட்டை: புது எக்ஸ்எல் வாங்கவா, பழைய ஸ்கூட்டர் வாங்கவா?

கேள்வி (சத்துணவு அமைப்பாளர், வேடசந்தூர் பக்கம்)

வணக்கம். ஒரு தொடக்கப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். போக 14 கிலோமீட்டர், வர 14. அதில் 3 கிலோமீட்டர் கரூர்–திண்டுக்கல் நான்குவழிச் சாலை. மீதி ஊர்ச்சாலை, கடைசி ஒன்றரை கிலோமீட்டர் ஜல்லி பெயர்ந்து கிடக்கிறது. வாரம் 2 நாள் சந்தையில் காய் வாங்கிக்கொண்டு 20 கிலோ மூட்டையோடு போக வேண்டும்.

இதுவரை அப்பா ஓட்டிய டூ-ஸ்ட்ரோக் மொபெட்டில் போய்வந்தேன். 2006 மாடல். ஒரு மாதமாக 6, 7 கிலோமீட்டர் போனதும் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. மரத்தடியில் கால் மணி நேரம் நிறுத்தினால் மறுபடி கிளம்பும். கார்பரேட்டரை 2 முறை கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று, பிளக்கும் புதிது. போன வாரம் அடுப்பு பற்றவைக்கவே முக்கால் மணி நேரம் தாமதம். பிள்ளைகள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அது இன்னும் மனசை உறுத்துகிறது.

புதிதாக டிவிஎஸ் எக்ஸ்எல் 100 மொபெட் வாங்கலாமா? சொந்தக்காரர் ஒருவர் தன் 2017 மாடல் 110 சிசி ஸ்கூட்டரைத் தருவதாகவும் சொல்கிறார். என் உயரம் 4 அடி 11 அங்குலம், கட்டுவது சேலைதான். லைசென்ஸ் இன்னும் எடுக்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (மெக்கானிக், கரூர்)

அக்கா, புது வண்டி பேச்சுக்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். வண்டி நின்ற உடனே பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டு, அதன்பிறகு வண்டி கிளம்பினால் மூடியில் உள்ள காற்றுத்துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்று போக வேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் வருவது குறைந்து வண்டி மூச்சு முட்டி நிற்கும். கால் மணி நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போவதால்தான் மறுபடி ஓடுகிறது. இதை நிறையப் பேர் பார்ப்பதே இல்லை, நேராகக் கார்பரேட்டரில் கை வைத்துவிடுகிறோம்.

சத்தம் வரவில்லையென்றால் இக்னிஷன் காயிலைப் பாருங்கள். சூடானதும் பொறி விடாமல் போகும், ஆறினால் சரியாகும். அதுவும் நன்றாக இருந்தால் சைலன்சரில் கரி, இல்லையென்றால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ரிங் என்றால் மட்டும் இந்த வயது வண்டிக்குச் செலவு செய்ய வேண்டாம்.

பதில் (பால் ஊற்றுபவர், ஒட்டன்சத்திரம்)

நான் எக்ஸ்எல் 100-இல் 4 வருடமாகப் பால்கேன் ஏற்றுகிறேன். உங்கள் சாலைக்கு அதுதான் சரி அக்கா. காரணம் மைலேஜ் இல்லை, சக்கரம். எக்ஸ்எல்லுக்கு முன்னும் பின்னும் 16 அங்குலம். ஸ்கூட்டருக்கு 10 அல்லது 12. ஜல்லியில் சின்னச் சக்கரம் குழிக்குள் இறங்கி ஏறும்போது மூட்டையோடு ஹேண்டில் உதறும்; பெரிய சக்கரம் அப்படியே உருண்டு கடந்துவிடும். பின் சீட்டைக் கழற்றிவிட்டால் அங்கே மூட்டை படுத்துக்கொள்ளும், காலடியிலும் ஒரு பை வைக்கலாம். எடை 90 கிலோவுக்குள்தான், ஸ்டாண்டு போட உங்களுக்கு ஆள் துணை தேவைப்படாது.

மைலேஜ் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். மாதம் 22 நாள் என்றால் 616 கிலோமீட்டர். சுமையோடு எக்ஸ்எல் எனக்கு லிட்டருக்கு 50 தருகிறது, சுமார் 12 லிட்டர். ஸ்கூட்டர் 42 கொடுத்தால் 15 லிட்டருக்குள். மாதத்துக்கு இரண்டரை லிட்டர்கூட மிச்சம் வராது. அதற்காக மட்டும் எக்ஸ்எல் வாங்காதீர்கள்.

பதில் (ஆசிரியை, பழனி)

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். அந்த 3 கிலோமீட்டரை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள் சகோதரி. எக்ஸ்எல் 99.7 சிசி, ஒரே கியர், சுமார் 4.3 குதிரைத்திறன். 40, 45 வேகத்தில் நிம்மதியாகப் போகும், அதற்கு மேல் இன்ஜின் கத்தும். பின்னால் லாரி 80-இல் வருகிற சாலை அது. உங்கள் பயணத்தில் பாதிக்கு மேல் நான்குவழிச் சாலை என்றால் ஸ்கூட்டரே வாங்குங்கள் என்பேன். 3 கிலோமீட்டர்தான் என்றால் எக்ஸ்எல் போதும், ஆனால் சர்வீஸ் ரோடு இருக்கும் இடத்திலெல்லாம் அதில் இறங்கிவிடுங்கள்.

2017 ஸ்கூட்டர் என்றால் பிரேக்கைக் கேட்டுப் பாருங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகுதான் 125 சிசி வரை எல்லா வண்டிக்கும் இரு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் பிரேக் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டியில் அது இல்லாமலும் இருக்கலாம்.

அப்புறம், லைசென்ஸ். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். மொபெட்டுக்குத் தேவையில்லை என்று ஊரில் சொல்வார்கள், தவறு. கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ் கட்டாயம் வேண்டும். எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) எடுத்து 30 நாள் கழித்துத் தேர்வுக்குப் போகலாம், எல்எல்ஆர் 6 மாதம் செல்லும். அப்பா வண்டியின் ஆர்சியையும் (பதிவுச் சான்று) எடுத்துப் பாருங்கள். 15 வருடம்தான் அதன் காலம். 2006 வண்டி என்றால் 2021-லேயே முடிந்திருக்கும்.

பதில் (மெக்கானிக், கரூர்)

டீச்சர் சொன்னது சரி, ஆர்சியை நான் யோசிக்கவில்லை. எக்ஸ்எல் எடுத்தால் செல்ஃப் ஸ்டார்ட் உள்ளதாக எடுங்கள், சேலையோடு உதைக்க வேண்டியதில்லை. அது ஃபோர்-ஸ்ட்ரோக், 2020-க்குப் பிறகு வருவதில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். பெட்ரோலில் ஆயில் கலக்கக் கூடாது, பழைய பழக்கத்தில் ஊற்றிவிடாதீர்கள். டேங்க் 4 லிட்டர்தான். வற்றும்வரை ஓட்டாமல் 3 நாளுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளுங்கள். செயின் வண்டி என்பதால் சேலை காப்பு உறுதியாக முடுக்கியிருக்கிறதா என்று எடுக்கும்போதே கையால் ஆட்டிப் பாருங்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

அண்ணா, மூடிதான்! நேற்று வண்டி நின்றதும் திறந்தேன், நீங்கள் சொன்ன அதே சத்தம். துளையில் மண்ணும் பிசுக்கும் இறுகிப்போயிருந்தது. ஊசியால் குத்தி, மண்ணெண்ணெயில் கழுவி மாட்டினேன். நிற்காமல் வீடு வந்து சேர்ந்தேன். ஒரு மாதம் பட்ட பாடு இந்தப் பொட்டுத் துளைக்குத்தானா என்று வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஆனால் ஆர்சி 2021-லேயே முடிந்திருக்கிறது. புதுப்பிக்காமல் இனி அதைச் சாலைக்கு எடுக்க மாட்டேன். இன்று எக்ஸ்எல்லையும் ஸ்கூட்டரையும் ஓட்டிப் பார்த்தேன். ஸ்கூட்டர் மெத்தென்று போனது, ஆனால் மூட்டையோடு ஜல்லியில் திருப்பும்போது கால் ஊன்றத் தடுமாறினேன். எக்ஸ்எல்லில் நுனிக்கால்தான் எட்டியது, இருந்தும் வண்டி என் கைக்குள் இருந்தது. அதற்கே முன்பணம் கட்டிவிட்டேன். எல்எல்ஆருக்கு விண்ணப்பித்தாயிற்று. லைசென்ஸ் வரும்வரை பஸ்ஸில் போகிறேன், சந்தை நாளுக்கு மட்டும் ஆட்டோ பேசியிருக்கிறேன்.