நெட்ஃபிளிக்ஸ் சந்தாவோடு வரும் கேம்கள்: உங்களை இன்னும் விடாதது எது?

ஜன்னலோரம்:

நேராக விஷயத்துக்கு வருகிறேன். 'பிஃபோர் யுவர் ஐஸ்' விளையாடியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கண் சிமிட்டினால் காலம் ஓடிவிடுமே, அதுதான்.

நான் 149 ரூபாய் மொபைல் பிளான்காரி. படம் பார்க்கத்தான் கட்டினேன். கேம் பகுதி என்று ஒன்று இருப்பதே ரொம்ப நாள் தெரியாது. விளம்பரம் கிடையாது, நடுவில் 'வைரம் வாங்கு, உயிர் வாங்கு' என்று காசு கேட்காது என்று தங்கை சொன்னதால் இறக்கிப் பார்த்தேன்.

தாம்பரத்தில் ஏறி, இடம் பிடித்து, ஹெட்போனை மாட்டியாயிற்று. இறந்துபோன ஒருவனை ஓர் ஓநாய் படகில் ஏற்றிக்கொண்டு போகிறது. அவன் தன் வாழ்க்கையை ஒவ்வொரு காட்சியாக நினைத்துப் பார்க்கிறான். நம் ஃபோனின் முன் கேமரா நம் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். சிமிட்டினால் அடுத்த காட்சி. அது மறுநாளாகவும் இருக்கலாம், நாலு வருஷம் கழித்தும் இருக்கலாம்.

அவனுடைய அம்மா ஏதோ சொல்ல வருகிறாள். பாதி வாக்கியம்தான் வந்திருக்கிறது. பல்லாவரம் தாண்டி ரயில் வேகம் பிடித்ததும் காற்று முகத்தில் அடித்தது, கண்ணில் தண்ணீர் கோத்தது, சிமிட்டிவிட்டேன். பையன் வளர்ந்துவிட்டான். அம்மாவைக் காணோம்.

அப்புறம் ஓர் இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லும். மூடினால்தான் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வது கேட்கும். மூடினேன். காட்சி முடிந்த பிறகும் திறக்க மனசு வரவில்லை. கோடம்பாக்கத்தில் இறங்க வேண்டியவள், திறந்தபோது எழும்பூர் வந்திருந்தது.

அது பரவாயில்லை, எதிர் ரயில் பிடித்துத் திரும்பிவிட்டேன். அந்த அம்மா என்ன சொல்ல வந்தாள் என்பதுதான் ரெண்டு வருஷமாக உறுத்துகிறது. உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.


மூன்றாம் ஷிஃப்ட்:

'இன்டு தி பிரீச்'. 2018ல் கம்ப்யூட்டருக்கு வந்தது, 2022 ஜூலையில் சந்தாவோடு ஃபோனுக்கு வந்தது. தெரிந்தவர்களுக்குப் பெயரைச் சொன்னாலே வயிறு கலங்கும்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: எட்டுக்கு எட்டு கட்டம், நம்மிடம் மூன்று இயந்திரங்கள், மண்ணுக்கு அடியிலிருந்து கிளம்பி வரும் ராட்சதப் பூச்சிகள். எந்தப் பூச்சி அடுத்து எங்கே அடிக்கப்போகிறது என்பதை முன்னாலேயே காட்டிவிடுவார்கள். ஒளிவு மறைவு கிடையாது. அதனால் தோற்றால் பழிபோட ஆளும் கிடையாது.

லேபில் வேலை எனக்கு. ராத்திரி மூன்று மணி, மாதிரிகளை மெஷினில் போட்டுவிட்டுக் காத்திருக்கிற நேரம். முதல் தீவிலிருந்து கூடவே வந்த பைலட் ஒருத்தி. ஒரு கட்டடத்தின் மேல் அடி விழப்போகிறது. ஒன்று, கட்டடத்தை விட வேண்டும். கட்டடம் போனால் மின்சாரம் குறையும், தீர்ந்துவிட்டால் ஆட்டமே முடிந்தது; அது ஏற்கெனவே இரண்டு கோட்டில் நிற்கிறது. இல்லையென்றால் அவளைக் குறுக்கே நிறுத்த வேண்டும். அந்தச் சண்டையில் ஒரே ஒருமுறை பின்னால் போகும் வாய்ப்பு உண்டு, அதையும் முதலிலேயே வீணாக்கியிருந்தேன்.

மெஷின் முடிந்து பீப் அடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவளை நிறுத்தினேன். இயந்திரம் அடுத்த சண்டைக்குச் சரியாகிவிடும், உள்ளே இருந்தவள் வரமாட்டாள். பட்டனை அழுத்திக் கையை எடுத்த பிறகுதான் பார்க்கிறேன், அந்தப் பூச்சிக்குப் பின்னால் தண்ணீர். இன்னோர் இயந்திரத்தை வைத்து ஒரு கட்டம் தள்ளியிருந்தால் முழுகிப் போயிருக்கும். அவளும் இருந்திருப்பாள், கட்டடமும் இருந்திருக்கும்.

குளிக்கும்போதுகூட அந்தக் கட்டம் கண்ணுக்கு முன்னால் வருகிறது.


குறுக்குக் கேள்வி:

ஜன்னலோரம், புரியவில்லை. அது ஒன்றரை மணி நேரக் கேம்தானே? மறுபடி முதலிலிருந்து போடுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, கண்ணை அகல விரித்துக்கொண்டு உட்காருங்கள். அந்த அம்மா சொல்லி முடிப்பாள். ரெண்டு வருஷம் உறுத்துகிற அளவுக்கு இதில் என்ன இருக்கிறது?


ஜன்னலோரம்:

போட மாட்டேன். ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்பது திருட்டுத்தனமாகக் கேட்பது மாதிரி இருக்கிறது.


குறுக்குக் கேள்வி:

சரிதான். கேம் கண்டுபிடித்தவன் கேட்டால் சந்தோஷப்படுவான்.


பொள்ளாச்சிப் பக்கம்:

சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், நான் ஒரு தவளையைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

'ஸ்பிரிட்ஃபேரர்' ஆடியவர்களுக்கு அதுல் யாரென்று தெரியும். கனடாவில் மான்ட்ரியலில் இருக்கிற தண்டர் லோட்டஸ் செய்த கேம். நாம் ஸ்டெல்லா. கூட டாஃபடில் என்று ஒரு பூனை. இறந்தவர்களைக் கப்பலில் ஏற்றி, சமைத்துப் போட்டு, கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லி, கடைசியில் எவர்டோர் என்கிற வாசலுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். கட்டிப்பிடிப்பதற்கென்றே தனிப் பட்டன் உண்டு.

அதுல் ஸ்டெல்லாவுக்கு அங்கிள் முறை. தவளை உருவம். எப்போதும் சாப்பாட்டுப் பேச்சு, எதையாவது பழுது பார்த்துக்கொண்டிருப்பது. எங்கள் சித்தப்பாவே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு. அவரும் அப்படித்தான். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் உட்கார மாட்டார், நேராகப் பின்கட்டுக்குப் போய் அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பார். பம்ப்செட் ரிப்பேர் என்றால் ஊரே அவரைத்தான் கூப்பிடும்.

மற்றவர்கள் பெரும்பாலும் வாசல்வரை நம்மோடு படகில் வருவார்கள், ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். அதுல் அப்படி இல்லை. எல்லோருக்கும் ஒரு பெரிய விருந்து வேண்டும் என்று கேட்பார். நானும் ஓடி ஓடிச் சமைத்து எல்லோருக்கும் போட்டேன். மறுநாள் அவருடைய அறைக்குப் போனால் ஆள் இல்லை. ஒரு பூ மட்டும் இருக்கிறது. சொல்லாமல் போய்விட்டார்.

நான் அதை நம்பவில்லை. ஏதோ பிழை, எங்கேயோ இறங்கியிருப்பார் என்று நினைத்து, போன தீவுக்கெல்லாம் கப்பலைத் திருப்பித் தேடினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடினேன். வீட்டுக்காரர் வந்து, "என்ன, இன்னும் அந்தத் தவளையா?" என்றார்.

சித்தப்பா போனது கோவிட் சமயத்தில். அதற்கு மேல் எழுத வரவில்லை.


மூன்றாம் ஷிஃப்ட்:

அக்கா, அதுல் போன அன்றைக்கு நானும் தேடினேன்.


கணக்குப்பிள்ளை:

என் அனுபவம் சின்னது. 'டெரா நில்' ஆடினேன். பாழாய்ப் போன நிலத்தைப் பச்சையாக்கிவிட்டு, கடைசியில் நாம் கட்டியதையெல்லாம் பிரித்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். கடைசிக் காற்றாலையைப் பிரித்தபோது பக்கத்தில் ஒரு மான் கூட்டம் நின்றது. நன்றாக இருந்தது.

ஆனால் நான் எழுத வந்தது இதற்கில்லை. இங்கே எல்லோரும் உணர்ச்சிவசப்படுகிறீர்களே தவிர நாலு உருப்படியான விஷயம் யாரும் சொல்லவில்லை. முதலாவது, நாம் ஆடுவது எந்த ப்ரொஃபைலில் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தூரம் வந்தோம் என்பது ப்ரொஃபைலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். என் மகள் என் ப்ரொஃபைலில் புகுந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். தப்பு என்னுடையது, தனி ப்ரொஃபைல் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். அடுத்து, கேம் ஒவ்வொன்றும் தனியாக ப்ளே ஸ்டோரிலிருந்தோ ஆப் ஸ்டோரிலிருந்தோதான் இறங்கும். பெரிய கேம் என்றால் வைஃபை இருக்கிற இடத்தில் இறக்குங்கள், ஃபோனில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கேமுக்காக மட்டும் பெரிய பிளானுக்குப் போகாதீர்கள். 149க்கும் 649க்கும் வித்தியாசம் படத்தின் தரத்திலும் எந்த ஸ்கிரீன், எத்தனை ஸ்கிரீன் என்பதிலும்தான், கேம் எல்லாப் பிளானிலும் வரும். அப்புறம் முக்கியமானது, இது வாடகை வீடு. 2021 நவம்பரில் அஞ்சே அஞ்சு கேமோடு ஆரம்பித்து நூறுக்கு மேல் போனார்கள், சரி. ஆனால் 2025 ஜூலையில் மட்டும் 'ஹேடிஸ்', 'மான்யுமென்ட் வேலி' மூன்று பாகங்கள், 'டெத்ஸ் டோர்' என்று ஒரு பெரிய வரிசையே பட்டியலை விட்டுப் போயிற்று. அதனால் நாலைந்தை இறக்கி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நுனிப்புல் மேயாமல், ஒன்றை எடுத்தால் முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். முடித்தால் அழித்துவிடுங்கள். ராத்திரி படுக்கையில் ஆடாதீர்கள், கழுத்து போய்விடும்.


குறுக்குக் கேள்வி:

அண்ணே, மான் கூட்டத்துக்கு ரெண்டு வரி, கழுத்துவலிவரை ஒரு பக்கமா?


நாஞ்சில் வாசி:

கணக்குப்பிள்ளை சொன்ன வாடகை வீட்டில்தான் எனக்கு அடி.

'ராஜி: அன் ஏன்ஷியன்ட் எபிக்'. புனேயில் இருக்கிற நாடிங் ஹெட்ஸ் செய்தது. ராஜி என்கிற சர்க்கஸ் பெண், அவளுடைய தம்பி கோலுவை அசுரர்கள் தூக்கிப் போய்விடுகிறார்கள். துர்க்கையும் விஷ்ணுவும் மேலிருந்து பேசிக்கொள்வதாகக் கதை போகும். கேமாகப் பார்த்தால் சுமார்தான் என்பேன். ஃபோனில் குதிக்கிற இடங்களில் எத்தனையோ தடவை விழுந்து செத்தேன்.

ஆனால் நடுநடுவே கதையைத் தோல்பாவை மாதிரி காட்டுவார்கள். பின்னால் வெளிச்சம், முன்னால் நிழல் உருவங்கள். அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். "இது பாவைக்கூத்துல்லா?" என்றாள். சின்ன வயதில் எங்கள் ஊருக்குப் பாவைக்கூத்து போட வருவார்களாம், வெள்ளை வேட்டியைக் கட்டிப் பின்னால் விளக்கு வைப்பார்களாம். அனுமார் வரும்போது கூட்டம் எப்படிக் கத்தும் என்பதைச் செய்தே காட்டினாள், கையில் அருவாமணையோடு.

அன்றிலிருந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் ஆடுவது என்று ஆகிவிட்டது. ஆட்டம் அவளுக்கு வேண்டாம், பாவைக்கூத்து வந்தால் மட்டும் கூப்பிட வேண்டும். அப்புறம் எனக்கு வேலை மாறி பெங்களூர் வந்துவிட்டேன். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போய் மீதியை ஆடலாம் என்று வைத்திருந்தேன். அந்த 2025 ஜூலைப் பட்டியலில் ராஜியும் உண்டு.

போன வாரம் ஃபோனில் அம்மா கேட்டாள், "அந்தத் தம்பிக்காரன் கெடச்சானா?" கிடைத்துவிட்டான் என்று சொல்லிவிட்டேன்.


குறுக்குக் கேள்வி:

இதற்கு மட்டும் ஒன்றும் கேட்க மாட்டேன். ஆனால் ராஜி கம்ப்யூட்டருக்கும் காசு கொடுத்து வாங்கக் கிடைக்கும், 2020லேயே வந்தது. வாங்கிக்கொண்டு ஊருக்குப் போங்கள்.


எண்பத்தொன்பது மாடல்:

எல்லோரும் அழவைக்கிறீர்கள். நான் கேவலமான கதை ஒன்று சொல்கிறேன்.

'ஜிடிஏ: சான் ஆண்ட்ரியாஸ்'. அந்த ரயில். இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

2006, திருச்சியில் பிரவுசிங் சென்டர், மணிக்கு இருபது ரூபாய். பின்னால் மூன்று பேர் நின்று பார்ப்பார்கள். பைக்கில் பிக் ஸ்மோக் என்கிற கூட்டாளியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ரயிலைத் துரத்த வேண்டும், ரயில் கூரையில் நிற்கிற நாலு பேரை அவன் சுட வேண்டும். அவன் ரயிலைத் தவிர எல்லாவற்றையும் சுடுவான். மிஷன் தோற்றால் முதலிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வர வேண்டும், அதற்குள் கடைக்காரர் "தம்பி, டைம் முடிஞ்சுது" என்பார். கடைசிவரை முடிக்கவில்லை. காலேஜ் முடிந்தது, கடையும் மூடியாயிற்று, இப்போது அங்கே இட்லி மாவு விற்கிறார்கள்.

2023 டிசம்பரில் மூன்று பழைய ஜிடிஏ கேம்களும் சந்தாவில் வந்தபோது இதைத்தான் முதலில் இறக்கினேன். இப்போது தோற்றால் உடனே அந்த இடத்திலிருந்தே மறுபடி ஆரம்பிக்கலாம், மணிக்கு இருபது ரூபாயும் இல்லை. முப்பத்தாறு வயது, இரண்டு குழந்தை, கண்ணாடி போட்டாயிற்று. இன்னும் அந்த ரயில் என்னை விட்டுவிட்டுத்தான் போகிறது. தொடுதிரையில் கட்டைவிரல் வியர்த்து வழுக்குகிறது. நேற்று ராத்திரி பதினோரு தடவை. பையன் தூக்கக் கலக்கத்தில் வந்து "அப்பா, அந்த அங்கிள் ஏன் சுடவே மாட்டேங்கறாரு?" என்றான். 2006ல் பின்னால் நின்றவர்கள் கேட்ட அதே கேள்வி.


கணக்குப்பிள்ளை:

எண்பத்தொன்பது, ரயிலை ஒட்டிப் போகாதே. அங்கேதான் எல்லோரும் தப்பு செய்வது. ஒட்டிப் போனால் ஸ்மோக்குக்குக் கூரை தெரியாது, பெட்டியைத்தான் சுட்டுக்கொண்டிருப்பான். வலது பக்கம் தள்ளி, பக்கத்துத் தண்டவாளத்தையும் தாண்டிக் கொஞ்சம் தூரத்தில் ஓட்டு, ரயிலுக்குச் சமமாக வேகத்தை வைத்துக்கொள். எதிரில் வேறு ரயில் வரும், அதற்கும் தள்ளி நிற்பதுதான் நல்லது. முந்தாதே, பிந்தாதே. மீதியை அவன் பார்த்துக்கொள்வான். கண்ணாடியைத் துடைத்துக்கொள். படுத்துக்கொண்டு ஆடாதே.


குறுக்குக் கேள்வி:

மறுபடியும் கழுத்துக்கு வந்துவிட்டார்.


ஜன்னலோரம்:

நாஞ்சில் வாசி, அம்மாவிடம் பொய் சொன்னது நல்லதுதான் என்று தோன்றுகிறது. இல்லை, தெரியவில்லை. ராஜியை வாங்கினால் இங்கே வந்து சொல்லுங்கள்.


நாஞ்சில் வாசி:

பொங்கலுக்குப் போகிறேன். லேப்டாப் கொண்டுபோக வேண்டும்.


எண்பத்தொன்பது மாடல்:

மணி 1.40. வலது பக்கம், தள்ளி, உட்கார்ந்துகொண்டு. நாலு பேரையும் சுட்டுவிட்டான். பையனை எழுப்பிக் காட்டினேன், "ம்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டான்.