கலைச்சொல் விவாதம்: அரக்கு பாலிஷில் படரும் வெண்படலத்துக்குப் பெயர்

வணக்கம். பழைய மரச்சாமான் புதுப்பிப்புக்கான சொல்தொகுப்பில் 'பிளஷிங்' என்ற இடம் இன்னும் காலியாக இருக்கிறது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும்போது பளபளப்பு மங்கி, பால் கலந்ததுபோல் ஒரு வெள்ளை படர்கிறதே, அதுதான். 'வெளிறல்' என்று போடலாமா? எல்லோருக்கும் புரியும் சொல்.

—

ஐயா, 'வெளிறல்' வேண்டாம். ஜன்னலோரத்து ரோஸ்வுட் மேசை வெயிலில் நிறம் இழப்பதைத்தான் வெளிறிப்போனது என்கிறோம். அது மரத்தில் நடப்பது. இந்த வெண்மையோ மரத்தில் இல்லை, மேலே உள்ள அரக்குப் படலத்துக்குள் இருக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், தொகுப்பை நம்பி வேலை செய்பவர் உப்புத்தாளை எடுத்து மரம்வரை தேய்த்துவிடுவார். நூறு வருஷத்து மேல்நிறம் அதோடு போய்விடும்.

நடப்பது இதுதான். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கிறது. 30 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம் என்றால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 21 டிகிரியை ஒட்டி இருக்கும், பயமில்லை. அதே வெப்பத்தில் ஈரப்பதம் 85 ஆனால் பனிநிலை 27. பரப்பு மூன்று டிகிரி குளிர்ந்தாலே காற்றின் ஈரம் அதன்மேல் இறங்கிவிடும். அரக்கு நீரில் கரையாது. ஈரம் கலந்த இடத்தில் அது பால் திரிவதுபோல் நுண்துகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிக்கிறது. ஸ்பிரிட்டிலேயே நீர் இருந்தாலும் இதே கதைதான்; மூடி சரியாகப் போடாத கேன் காற்றிலிருந்து ஈரம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

அதனால் ஐப்பசி, கார்த்திகையில் சென்னை போன்ற கடலோர ஊர்களில் காலையிலும் மாலையிலும் பாலிஷ் போடக் கூடாது. நண்பகலை ஒட்டி, மழை விட்ட நாளில், லிட்டருக்கு 120 கிராம் அளவில் நீர்க்கக் கரைத்த அரக்கை மெல்லிய பூச்சாகப் போட வேண்டும். 240 கிராம் கரைசலைத் தடிமனாகப் பூசினால் மேல்தோல் முதலில் காய்ந்து ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

காரணம் ஈரம் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். என் பரிந்துரை: ஈரமூட்டம்.

—

அண்ணா, 'பூத்தல்' என்ற வினை நம்மிடமே இருக்கிறதே? நீறு பூத்த நெருப்பு என்கிறோம், கண் பூத்துப்போச்சு என்கிறோம். மேலே மெல்லிய வெள்ளை படர்வதற்கு இதைவிட இயல்பான சொல் இல்லை. இன்னொன்று: சூடான டம்ளர் வைத்த வெள்ளை வளையமும் ஈரமூட்டத்தில் சேருமா? பழைய தேக்குப் பீரோக்களில் இழையை ஒட்டி ஓடும் வெள்ளைக் கோடுகள்?

—

பூத்தல் அழகான சொல்தான். ஆனால் பூஞ்சணமும் பூக்கிறது, அதுவும் அதே மழைக்காலத்தில், அதே பீரோவில். பூஞ்சணத்தை உலர்ந்த துணியால் துடைத்தால் வந்துவிடும், மூட்டம் வராது. சிகிச்சை வேறாக இருக்கும்போது சொல்லும் வேறாக இருப்பது நல்லது.

டம்ளர் வளையம் ஈரமூட்டமே. சுமார் 70 டிகிரியில் அரக்கு இளகும்; அடியில் தங்கிய நீராவி உள்ளே போய்விடுகிறது. கறுப்பு வளையம் இதில் சேராது. அது படலத்தையும் தாண்டி மரத்தில் இறங்கிய இரும்புக் கறை. அதற்கு ஆக்ஸாலிக் அமிலம்தான்.

மூட்டத்தைப் போக்க முதலில் மறைவான மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் பிசுபிசுத்தால் அரக்கு. பிறகு பருத்தித் துணிக்குள் பஞ்சு வைத்துக் கட்டிய பொதியில் சில சொட்டு ஸ்பிரிட் விட்டுப் பிழியுங்கள். புறங்கையில் வைத்தால் குளிர வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. விமானம் தரை தொட்டு எழுவதுபோல வளையத்தின்மேல் ஓட்டியபடியே இறக்கி, ஓட்டியபடியே எடுக்க வேண்டும். ஒரு கணம் நின்றாலும் பொதி அரக்கைப் பிய்த்துக்கொண்டு வரும். சில ஓட்டத்துக்குப் பின் சிறிது ஆறவிட்டு மறுபடி. பொறுமையில்லாமல் பொதியை நனைப்பதுதான் பெரும்பாலும் வேலையைக் கெடுக்கிறது.

தேக்கின் வெள்ளைக் கோடுகள் முற்றிலும் வேறு. துளைகளை அடைக்கப் பட்டியாகப் பூசிய சாக் பவுடரோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸோதான் அது. எண்ணெய் ஊறியிருந்தவரை கண்ணுக்குத் தெரியாது; எண்ணெய் வற்றியதும் வெளுக்கும். ஸ்பிரிட் பொதியால் ஒரு பயனும் இல்லை. கருமை கலந்த மெழுகைத் துளைகளில் தேய்த்து நிறம் ஏற்ற வேண்டும். புதிதாக அடைப்பவர்கள் பட்டியிலேயே அம்பர் எனும் பழுப்பு மண்பொடி அல்லது காவிப்பொடி கலந்துவிட்டால் பின்னால் தொல்லை இல்லை. இதற்குப் 'பட்டிவெளுப்பு' என்று தனிச்சொல் கொடுக்கலாம்.

—

ஏற்கிறேன். வரைவு இப்படி:

ஈரமூட்டம்: அரக்கு அல்லது லாக்கர் (தின்னரில் கரைத்துப் பூசும் செயற்கைப் பூச்சு) படலத்துக்குள் ஈரம் சிக்கி ஏற்படும் வெண்மை. மரத்தைத் தொடாது, படலத்தை அகற்றாமலே போக்கலாம்.

பட்டிவெளுப்பு: மரத்துளைகளில் அடைத்த பட்டி, எண்ணெய் வற்றி வெளுத்துத் தெரிவது.

லாக்கருக்கு ஸ்பிரிட் கை கொடுக்காது. மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மெல்லத் தெளித்தால் படலம் மீண்டும் இளகி ஈரத்தை வெளியே விடும். அந்த ரிடார்டருக்கு 'ஆவித்தணிப்பி' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆவியாவதை நிறுத்துவதில்லை, தாமதப்படுத்துகிறது என்பதால் 'தணிப்பி' சரியா, 'தாமதி' சரியா?