லொகேஷன் காட்டிய இடம் ஒன்று, நாம் நின்ற இடம் வேறு: உங்கள் அனுபவம்?

காட்டுக்கொட்டாய்:
ஆத்தூர் பக்கம், ஏரிக்குக் கீழே எங்கள் காடு. போன தை மாதம் ராத்திரி 11.15க்கு அப்பாவுக்கு நெஞ்சு அடைத்தது. ஆம்புலன்ஸ் டிரைவர் வாட்ஸ்அப்பில் லொகேஷன் கேட்டார், கட்டிலருகே நின்றபடியே அனுப்பினேன். மாடியேறிப் பார்த்தால் ஏரிக்கு அக்கரையில் விளக்கு சுழன்றுகொண்டு போகிறது. அம்மா டார்ச்சை ஆட்டிக்கொண்டே இருந்தாள். வண்டி நின்றது, திரும்பியது, எதிர்ப்பக்கம் போய்விட்டது. சைரன் சத்தம் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் தவளைச் சத்தம் மட்டும்தான். சித்தப்பா மகன் பைக்கில் போய் மறித்துக் கூட்டிவந்தான். அதற்குள் 25 நிமிடம் போய்விட்டது. அப்பா பிழைத்துவிட்டார், ஸ்டென்ட் வைத்திருக்கிறது.

அனுப்பும்போது அடியில் சின்ன எழுத்தில் ‘1,400 மீட்டர் வரை துல்லியம்’ என்று இருந்தது. அதைப் படித்தேன். படித்துவிட்டும் அனுப்பினேன். அதுதான் இன்னும் தூங்கவிடவில்லை.

இடம்மாறி:
எனக்கு உயிர் போகிற விஷயம் இல்லை, ஆனாலும் மறக்கவில்லை. மதுரை வீட்டைக் காலி செய்து தாம்பரம் வந்த முதல் ராத்திரி. புதுக் குடியிருப்பு, அக்கம்பக்கம் இன்னும் யாரும் குடிவரவில்லை. பழைய வைஃபை ரூட்டரையும், அதன் சிக்னலை நீட்டிக்கும் எக்ஸ்டெண்டரையும் விளக்கு எரிகிறதா என்று பார்க்க மாட்டினேன். மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள்: “அப்பா, நாம இன்னும் அப்பத்தா வீட்லயே இருக்கோம்னு காட்டுது.” அப்பத்தா போய் 40 நாள்தான் ஆகியிருந்தது. அந்த நீலப் புள்ளி எங்கள் பழைய வாசலில் அப்படியே நின்றது. என் மனைவி போனை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குள் இருக்கும்போது போன் சுற்றியுள்ள வைஃபை பெட்டிகளின் அடையாள எண்களை வைத்துத்தான் பெரும்பாலும் இடத்தைச் சொல்கிறது. எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்ற பட்டியலில் எங்கள் பெட்டி மதுரையில் இருப்பதாகப் பதிவாகியிருந்திருக்கிறது. சில வாரத்தில் தானாகச் சரியாகிவிட்டது.

அலைவரிசை:
காட்டுக்கொட்டாய், உங்கள் போன் அன்றைக்கு சாட்டிலைட்டையே பார்க்கவில்லை. இங்கே பலர் சாட்டிலைட் நம்மைத் தேடிக் கண்டுபிடிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது தவறு. அது 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து தன் நேரத்தையும் தன் பாதையையும் சொல்லிக்கொண்டே போகிறது, அவ்வளவுதான். போன் கேட்டுக் கணக்குப் போடுகிறது. குறைந்தது 4 சாட்டிலைட் வேண்டும். இடத்துக்கு 3 போதாதா என்றால், போனில் இருக்கும் கடிகாரம் மட்டமானது. மைக்ரோ விநாடி ஒன்று, அதாவது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, பிசகினால் 300 மீட்டர் தள்ளிப்போகும். அந்தப் பிசகைக் கண்டுபிடிக்கத்தான் நாலாவது.

பாதை விவரம் விநாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் வருகிறது. ஒரு சுற்று முழுதாகக் கேட்க 30 விநாடி. ஏ-ஜிபிஎஸ் என்பது அந்த விவரத்தை நெட் வழியாகச் சட்டென்று இறக்கிக்கொள்வது. ஆனால் இறக்கிக்கொண்டாலும் வானத்துச் சிக்னல் காதில் விழ வேண்டுமே? கான்கிரீட் கூரைக்கு அடியில் விழாது. பக்கத்தில் வைஃபையும் இல்லாவிட்டால், போன் டவரைப் பிடித்துக்கொண்டு ‘இதற்குள் எங்கோ’ என்று மேப்பில் பெரிய வட்டம் போடுகிறது. கிராமத்தில் டவர் அடர்த்தி குறைவு, அதனால் வட்டம் கிலோமீட்டர் கணக்கில் விரியும்.

அதனால் எல்லோரும் கவனியுங்கள். வாசலுக்கு வாருங்கள், தலைக்கு மேல் வானம் தெரிய வேண்டும். வட்டம் சுருங்கும்வரை பொறுங்கள். செட்டிங்கில் துல்லிய லொகேஷன் அனுமதி இருக்கிறதா பாருங்கள், பேட்டரி சேமிப்பை அணையுங்கள். முடிந்தால் இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாகவே சொல்லுங்கள். தசமப் புள்ளிக்குப் பின் 4 இலக்கம் என்றால் சுமார் 11 மீட்டர், 5 இலக்கம் என்றால் ஒரு மீட்டர் சொச்சம். நான் கொல்லிமலையில் வழி தவறியபோது அந்த எண்கள்தான் காப்பாற்றின.

வடகடல்:
30 விநாடிக் கணக்கு கரையில் சரி. பாக் நீரிணையில் ஒரு ராத்திரி எங்கள் ஜிபிஎஸ் பெட்டியில் தண்ணீர் ஏறிவிட்டது. டவர் கிடையாது. மச்சான் போனை எடுத்தான், அது பல நாளாக அணைந்தே கிடந்த போன். எல்லைக்கோடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் எஞ்சினை நிறுத்திவிட்டோம். உப்புத் தண்ணீர் படக்கூடாது என்று அவன் போனைக் கைக்குள் பொத்தி, தார்ப்பாய்க்குள் குனிந்து உட்கார்ந்திருந்தான். கால் மணி நேரம் ஆச்சு, ஒன்றும் வரவில்லை. நீரோட்டம் எங்களை இழுத்துக்கொண்டே இருந்தது. அப்பா எழுந்து, “மூடி வச்சா எதுடா வரும்” என்று போனைப் பிடுங்கி ஐஸ் பெட்டி மூடிமேல் வைத்தார். கொஞ்ச நேரத்தில் எண்கள் வந்துவிட்டன. மேப் வரவில்லை, வெறும் சாம்பல் கட்டம். எங்களுக்கு எண்கள் போதும். கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தோம், ஆனால் ரொம்பப் பக்கத்தில்.

இடையில் சிக்னல் முறிந்தால் விட்டுப்போன விவரத்துக்கு அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டுமாம், பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு அது எப்படித் தெரிந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

இரவுப்பணி:
அலைவரிசை சார், உங்கள் விளக்கம் எல்லாம் சரி. ஆனால் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்போது யார் வாசலுக்குப் போய் வட்டம் சுருங்கக் காத்திருப்பார்? அந்தத் தம்பி செய்ததில் குற்றமே இல்லை.

நான் சாப்பாடு டெலிவரி செய்கிறேன். சென்னை ஓஎம்ஆர் சாலையில் அடுக்குமாடிகளுக்கு நடுவில் சிக்னல் சுவரில் மோதித் திரும்பி வரும், அந்தச் சுற்றுத் தூரத்தையும் போன் நிஜத் தூரமாகக் கணக்கில் சேர்த்துவிடும். ஒருநாள் புள்ளிப்படி வாடிக்கையாளர் வீட்டுக்கு வந்துவிட்டேன், எதிரே மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் “தம்பி, எங்கேப்பா இருக்கீங்க?” என்று கேட்பது போனிலும் கேட்கிறது, நேரிலும் கேட்கிறது. சுற்றிப் போக ஒன்றரை கிலோமீட்டர். அவர் சர்க்கரை நோயாளி, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று போனதும்தான் தெரிந்தது. பொட்டலத்தை வாங்கும்போது அவர் கை நடுங்கியது.

காட்டுக்கொட்டாய்:
எல்லோருக்கும் நன்றி. இரவுப்பணி அண்ணே, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்று காலை களத்தில் நின்று, வட்டம் 4 மீட்டராகச் சுருங்கியதும் எண்களை எழுதிக்கொண்டேன். கதவுக்குப் பின்னால், காலண்டருக்குப் பக்கத்தில், கரியால் பெரிதாக எழுதியிருக்கிறேன். அப்பாவைக் கண்ணாடி போடாமல் வாசிக்கச் சொன்னேன். தசமப் புள்ளியை விட்டுவிட்டு வாசித்தார். புள்ளியை இன்னும் தடிப்பாக வைத்திருக்கிறேன்.