ஓவர்வாட்டரிங்குக்குத் தமிழ்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

தொட்டிச்செடி எழுதியது, திங்கள் காலை:

அனைவருக்கும் வணக்கம்.

அவசரம், அதனால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். தொட்டிச்செடி வளர்ப்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பதினோரு அதிகாரம் முடிந்தது, பன்னிரண்டாவதில் மாட்டிக்கொண்டேன். பாஸிவ் ஹைட்ரோபோனிக்ஸில் ஓவர்வாட்டரிங் வராமல் பார்த்துக்கொள்வது பற்றிய அதிகாரம்.

முன்பாதியைச் சமாளித்துவிட்டேன். 'மோட்டார் இல்லாத, மண்ணில்லா வளர்ப்பு' என்று எழுதி, கீழே விளக்கமும் கொடுத்தாயிற்று: மண்ணுக்குப் பதில் சுட்ட களிமண் உருண்டைகள், அடியில் கொஞ்சம் சத்துநீர், நடுவில் ஒரு திரி. நீர் தானே மேலே ஏறிக்கொள்ளும். பின்பாதிதான் இடிக்கிறது. 'அதிகமாகத் தண்ணீர் ஊற்றுதல்' என்று போட்டேன். என் மகள் படித்துவிட்டுக் கேட்டாள்: "செடியே தண்ணீரில்தானே நிற்கிறது, இதில் அதிகம் ஏது, குறைவு ஏது?" பதில் சொல்லத் தெரியவில்லை. நல்ல சொல்லாக ஒன்று கொடுங்கள்.

ஒற்றுப்பிழை எழுதியது, திங்கள் மதியம்:

அன்பின் தொட்டிச்செடி அம்மா,

மிகுதியைச் சொல்லத் தமிழில் சொற்பஞ்சமா? சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று ஆறு சொற்களை நன்னூலார் ஒரே வரியில் அடுக்கி வைத்திருக்கிறார். அவற்றில் உறு, தவ, நனி மூன்றையும் தொல்காப்பியர் உரியியலில் முன்பே சொல்லிவிட்டார். நாம் செய்ய வேண்டியதெல்லாம் பக்கத்தில் 'நீர்' என்று எழுதுவதுதான். என் தேர்வு நனிநீர். ஓசையும் இனிது, 'நனை' என்பதும் உள்ளே ஒளிந்திருப்பதுபோல் இருக்கிறது.

அரைகுறை எழுதியது, திங்கள் மதியம்:

ஒற்றுப்பிழை ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆறையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். தவநீர் என்றால் செடி ஒற்றைக்காலில் நிற்கிறது. கழிநீர் நேராகச் சாக்கடைக்குப் போய்விடுகிறது. கூர்நீர் குத்துகிறது. நனிநீர் என்று அச்சில் பார்த்தால் 'நுனிநீர்' என்பதன் எழுத்துப்பிழை என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஓவர்வாட்டரிங் என்றே தமிழ் எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்? செடி வளர்ப்பவர்கள் எல்லாரும் வாயால் அதைத்தான் சொல்கிறார்கள். வடசொல்லையே உள்ளே விட்டவர் தொல்காப்பியர்.

ஒற்றுப்பிழை எழுதியது, திங்கள் மாலை:

தம்பி, விட்டார், ஆனால் சும்மா விடவில்லை. 'வடவெழுத்து ஒரீஇ', அதாவது வடவெழுத்தை நீக்கி, என்று வாசலிலேயே சோதனை போட்டுத்தான் விட்டார். நீங்கள் கொண்டுவந்த சொல் 'ங்' என்று முடிகிறது. தமிழ்ச்சொல் ஒன்றின் கடைசியில் ஙகர மெய் நிற்குமா, சொல்லுங்கள். தலைப்பிலேயே அதற்கு வேற்றுமை உருபு ஏற்ற 'ஓவர்வாட்டரிங்குக்கு' என்று இழுக்க வேண்டியிருக்கிறது. சொல்லி முடிப்பதற்குள் செடி செத்துவிடும்.

வேர்க்கால் எழுதியது, திங்கள் இரவு:

குறுக்கிடுகிறேன். எல்லாரும் மிகுதியைச் சுற்றியே வருகிறீர்கள். நோய் மிகுதியால் வருவதில்லையே!

மகள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. வேர் சாவது நீர் அதிகமானதால் இல்லை, காற்று கிடைக்காததால். ஆக்ஸிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு பார்த்தால் நீரில் பரவும் வேகம் ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. கரைந்திருக்கும் அளவும் சொற்பம்: 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரை. வெயில் பட்டுத் தொட்டி சூடானால் வேரின் மூச்சு வேகமாகும், கிடைக்கிற ஆக்ஸிஜனோ குறையும். இந்த நிலையில் பித்தியம் போன்ற நுண்ணுயிர் புகுந்துவிட்டால் வேர் அழுகிவிடும். அதன் வித்துகளுக்கு நீந்தத் தெரியும், தேங்கிய நீர் அவற்றுக்கு ராஜபாட்டை.

என் கதையைச் சொல்கிறேன். வலைத்தொட்டியில் ஒரு செடி. கீழே வாளியில் சத்துநீர். முதலில் தொட்டியின் அடியை நீர் தொட்டுக்கொண்டிருந்தது. செடி குடிக்கக் குடிக்க மட்டம் பாதிக்கு இறங்கியது. செடி ஜோராக இருந்தது. நான்தான் 'ஐயோ பாவம், பாதி காலியாகிவிட்டதே' என்று விளிம்புவரை நிரப்பினேன். மூன்றாம் நாள் இலைகள் தொங்கின. தொங்குகிறதே, தாகமாக்கும் என்று இன்னும் ஒரு சொம்பு ஊற்றினேன். ஒரு வாரம் கழித்துத் தூக்கிப் பார்த்தால், பால்வெள்ளையாக இருந்த வேர்கள் தேநீர் நிறத்தில் இருந்தன. ஒன்றை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். மேல்தோல் உறைபோல் கையோடு வந்துவிட்டது, உள்ளே நூல் மட்டும் மிச்சம். நாற்றம் வேறு.

அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் க்ராட்கி எழுதியிருக்கிறார்: மட்டம் இறங்கும்போது நடுவில் வருகிற ஈரமான காற்று இடைவெளியில் செடி தனி வேர்களை விடுகிறது. அவை மூச்சுக்கான வேர்கள். நான் நிரப்பியபோது மூழ்கடித்தது அவற்றைத்தான். மிதவை அளவுகோல் வைத்த தொட்டிகளிலும் இதே பாடம்தான். முள் 'குறைவு' என்று காட்டியதும் ஊற்றக்கூடாது, இரண்டு மூன்று நாள் அப்படியே விட வேண்டும்.

ஆகவே சொல்லில் மூச்சு இருக்கட்டும், நீர் வேண்டாம். என் பரிந்துரை: வேர்த்திணறல்.

அரைகுறை எழுதியது, திங்கள் இரவு:

அண்ணா, விளக்கம் பிரமாதம். ஆனால் 'வேர்த்திணறல்' என்று படித்ததும் யாரோ வேர்த்து விறுவிறுத்துத் திணறுகிற மாதிரி இருக்கிறது. செடிக்கு விசிறிதான் வேண்டும் போல.

பழஞ்சொல் எழுதியது, செவ்வாய் காலை:

இரண்டு நாளாகக் கிளையைப் பிடித்து ஆட்டுகிறீர்கள். அடிமரத்தைப் பார்ப்போம்.

ஹைட்ரோபோனிக்ஸ் என்ற சொல்லுக்கே ஒரு கலைச்சொல் விவாதம் நடந்திருக்கிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கெரிக் 1929இல் தன் முறைக்கு 'அக்வாகல்ச்சர்' என்று பெயர் வைக்கப் பார்த்தார். அந்தச் சொல் நீர்வாழ் உயிர்களை வளர்ப்பதற்கு ஏற்கெனவே போய்விட்டிருந்தது. பிறகு சக பேராசிரியர் செட்செல் எடுத்துக்கொடுத்ததுதான் இப்போதைய சொல். 1937இல் கெரிக் அதை அச்சேற்றினார். கிரேக்கத்தில் ஹைடோர் என்றால் நீர், போனோஸ் என்றால் உழைப்பு, பாடு.

இப்போது தமிழுக்கு வாருங்கள். உழத்தல் என்றாலும் பாடுபடுதல், வருந்துதல். 'உழந்தும் உழவே தலை' என்று வள்ளுவர் இரண்டையும் அருகருகே வைக்கிறார். அப்படியானால் நீருழவு என்பது மூலச்சொல்லோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது! மண்ணில்லா வளர்ப்பு என்று இல்லாததை வைத்து ஏன் பெயரிட வேண்டும்? பாஸிவ் என்பதற்குச் செயப்பாட்டு என்ற இலக்கணச் சொல் இருக்கவே இருக்கிறது. செயப்பாட்டு நீருழவு.

நோய்க்கும் வள்ளுவரிடமே போகலாம். 'மிகினும் குறையினும் நோய்செய்யும்' என்றவர் உடனே 'வளிமுதலா' என்கிறார். நீர் மிகுந்தது, வளி குறைந்தது. வளிக்குறை என்று வைப்போம்.

ஒற்றுப்பிழை எழுதியது, செவ்வாய் காலை:

அந்த வளி வாதம், பித்தம், கபத்தில் வரும் வாதம். வேருக்கு வாதநோய் என்று கையேட்டில் எழுதச் சொல்கிறீர்களா? மற்றொன்று, ஏரும் இல்லை, மண்ணும் இல்லை, உழவு மட்டும் எங்கிருந்து வந்தது?

பழஞ்சொல் எழுதியது, செவ்வாய் மதியம்:

சொல்லேர் உழவர் என்றும் வில்லேர் உழவர் என்றும் வள்ளுவரின் இன்னொரு குறளில் வருகிறார்களே, அவர்கள் எந்த மண்ணை உழுதார்கள்?

(இதற்குப் பின் இருவருக்கும் இடையே நடந்த ஒன்பது மடல்களை நான் இங்கே மேற்கோள் காட்டவில்லை. ஏரும் ஏறும் ஒன்றா என்பதில் போய் முடிந்தது. — தொட்டிச்செடி)

திரி எழுதியது, புதன் மாலை:

நான் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவன். இன்று இதையே வகுப்பில் எடுத்தேன், பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும்.

பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு ஒன்றைத் தண்ணீரில் முக்கி, தட்டையாகக் கையில் பிடித்தேன். சொட்டிச் சொட்டி நின்றது. "வடிந்துவிட்டதா?" என்றேன். "வடிந்துவிட்டது" என்றார்கள். அப்படியே செங்குத்தாகத் திருப்பினேன். மறுபடி கொடகொடவென்று கொட்டியது. அதுவும் நின்றபின் அடிப்பக்கத்தை மட்டும் கிள்ளினால் இன்னும் நீர் வருகிறது. எந்தத் தொட்டியிலும் அடியில் இப்படி ஒரு பட்டை நீர் வடியாமல் தங்கும். அதன் உயரத்தைத் தீர்மானிப்பது துளைகளின் நுண்மை, தொட்டியின் உயரம் இல்லை. அதனால்தான் குட்டைத் தொட்டியில் பாதிக்குமேல் சகதியாகவே இருக்கும். அதனால்தான் களிமண் உருண்டைகளை 8 முதல் 16 மில்லிமீட்டர் பருமனில் எடுக்கிறோம். அத்தனை பெரிய இடைவெளியில் நீர் தொங்கி நிற்க முடியாது, காற்று நிற்கும். உருண்டைகளோடு தென்னைநார்த் தூளைக் கலந்து, போதாதென்று திரியும் மூன்று நான்கு போட்டுவிட்டால், இந்த வசதி அத்தனையும் போச்சு. எப்போதும் சொதசொதவென்று இருக்கும்.

இதைச் சொல்லி முடித்ததும் பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன், "அப்போ வேருல தண்ணி கோத்துக்குது, சார்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. காலில் நீர் கோத்துக்கொண்டது, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது என்கிறோமே. எவ்வளவு ஊற்றினோம் என்ற கணக்கே அதில் இல்லை. போகவேண்டிய நீர் போகாமல், இருக்கக்கூடாத இடத்தில் நிற்கிறது, மூச்சு முட்டுகிறது, எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. நீர்கோத்தல் என்று வைத்துவிடலாமா?

அரைகுறை எழுதியது, புதன் இரவு:

சார், அந்தப் பையனை இந்தக் குழுவில் சேர்த்துவிடுங்கள். என் ஓட்டு நீர்க்கோர்த்தலுக்கு.

ஒற்றுப்பிழை எழுதியது, புதன் இரவு:

சொல்லை ஏற்கிறேன். இரு திருத்தம். ஒன்று, கோர்த்தல் அல்ல, கோத்தல். பூவைக் கோத்தாள், மாலையைக் கோத்தாள். இடையில் 'ர்' நுழைந்தது நம் நாக்கின் வேலை. இரண்டு, நீர் கோத்தது என்பது எழுவாய்த்தொடர். அங்கே வல்லினம் மிகாது. நீர்க்கோவை என்று பெயராக்கினால் மிகும். ஆனால் நீர்க்கோவை என்பது சளித்தொல்லையின் பெயர். ஆகவே ஒற்றில்லாத நீர்கோத்தல்.

வேர்க்கால் எழுதியது, வியாழன் காலை:

பையனின் காது கூர்மை, மறுக்கவில்லை. ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. நீர் என்ற சொல் உள்ளே இருக்கும்வரை, படிப்பவர் கை ஊற்றுவதா நிறுத்துவதா என்றுதான் யோசிக்கும். வாளியில் இடைவெளி விட வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. இலை தொங்கும்போது நீர் கோத்ததா, நீர் இல்லையா என்று இலையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, வேரைத்தான் தூக்கிப் பார்க்க வேண்டும். பெருவாரி எப்படியோ அப்படியே செய்யுங்கள். என் மறுப்பு பதிவாகட்டும்.

பழஞ்சொல் எழுதியது, வியாழன் மதியம்:

நீருழவைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை.

தொட்டிச்செடி எழுதியது, வியாழன் இரவு:

ஆதரவு ஏழு, எதிர்ப்பு ஒன்று, நீருழவு ஒன்று. இனி ஓட முடியாது, அனுப்பிவிட்டேன். அதிகாரத் தலைப்பு 'வேரில் நீர் கோக்காமல் காப்பது'. வேர்க்கால் அண்ணன் சொன்னதை விட மனமில்லை. நீர்மட்டத்துக்கும் தொட்டிக்கும் நடுவில் விட வேண்டிய இடைவெளிக்கு 'மூச்சிடம்' என்று நானே ஒரு பெயர் வைத்துவிட்டேன். 'மூச்சிடத்தை நீரால் நிரப்பாதீர்கள்' என்று முதல் பத்தியிலேயே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். மகளிடம் படிக்கக் கொடுத்தேன். "ஓ, அதுதானா" என்றாள்.

வேர்க்கால் எழுதியது, வியாழன் இரவு:

மூச்சிடம் நன்று. அதிகாரத்துக்கே அந்தப் பெயரை வைத்திருக்கலாம்.

தொட்டிச்செடி எழுதியது, வெள்ளி மாலை:

மெய்ப்பு பார்த்தவர் 'நீர் கோர்க்காமல்' என்று திருத்தி அச்சுக்கு அனுப்பிவிட்டாராம். இப்போதுதான் தெரிந்தது.

ஒற்றுப்பிழை எழுதியது, வெள்ளி மாலை:

யார் அவர்? அவருடைய மின்னஞ்சல் முகவரி இருக்கிறதா?